புது ரெக்கார்டுக்கு எதற்குப் பத்துக் காசு?

அத்தியாயம் 6

ஒரே ரெக்கார்டை ஒன்பதாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், துப்பறியும் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஏன் மாப்பிள்ளை அமைவதில்லை என்று உர்சுலாவுக்கு விளங்கியது. பவளக்கோட்டை ராணி ஒன்பதாவது தடவையாகச் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே 'டக், டக், டக்' என்று மூன்று சத்தம் கேட்டது.

"பாஸ், இன்னொரு தடவை இந்தம்மா சிரிச்சா நானே கோட்டைக்குள்ள போயி வாயப் பொத்திட்டு வந்துடுவேன்லா."

"பொறும்மா," என்றார் நெய்னா முகம்மது.

நெய்னாவுக்கு ஐம்பது வயது. டன்லப் ஸ்ட்ரீட் மாடியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு போன், இதுதான் அவருடைய துப்பறியும் நிறுவனம். அதில் இரண்டாவது நாற்காலி உர்சுலா. அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. வேலை கொடுத்தவரிடம் பொய் சொல்ல மாட்டார். அதனாலேயே பாதிப் பேர் அவரிடம் இரண்டாம் முறை வருவதில்லை.

இப்போது இருவரும் நின்றுகொண்டிருந்தது சிங்கப்பூர்த் தேக்காவில், அப்துல் கையூமின் ரெக்கார்டு கடையில். வியாழக்கிழமை மத்தியானம் மணி பன்னிரண்டு. சாகக்கிடக்கும் பிலோமினம்மாளுக்கு டாக்டர் கொடுத்திருந்த கெடு ஞாயிற்றுக்கிழமை.

நடந்தது இதுதான். இரண்டு நாளைக்கு முன் அந்தோனியம்மாள் என்ற முப்பத்திரண்டு வயதுப் பெண், கையில் கீரையும் மீனுமாக இந்தக் கடையைத் தாண்டிப் போனாள். வாசல் ஸ்பீக்கரில் 'பவளக்கோட்டை வீரன்' படத்தின் வசன ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. இருபது வருடத்துக்கு முந்தைய படம். மதராஸ் கம்பெனி ஒன்று அதன் பாட்டையும் வசனத்தையும் மறுபதிப்பாக அடித்திருந்தது. நீல அட்டை, ஒவ்வொரு அட்டையிலும் நம்பர், மொத்தமே ஐந்நூறு. ஆட்கள் வரிசை பிடித்து வாங்கினார்கள். அந்தோனியம்மாள் நின்றது வாங்குவதற்கல்ல. ராணி சிரித்தபோது அந்த மூன்று 'டக்' கேட்டது. மீன் பை கையிலிருந்து விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அது அவள் வீட்டுக் கீறல். அவள் அண்ணன் சூசைநாதன் ஒரு பெரிய வெள்ளிக்கிழமையன்று, ஊரே உபவாசமிருக்கும்போது, இந்த ரெக்கார்டைப் போட்டுக் கேட்டான். சாமியாராக்குவேன் என்று நேர்ந்துகொண்ட பிள்ளை சினிமாப் பைத்தியமாக நிற்பதைப் பார்த்த தாய் பிலோமினம்மாள் ஓடிவந்து ஊசியைப் பிடித்து இழுத்தாள். அன்று விழுந்த கீறல் அது. அடுத்த வருடம், அதாவது எழுபத்தொன்றில், செமினரிக்குப் போகமாட்டேன், கப்பலுக்குப் போகிறேன் என்று அவன் பெட்டியைத் தூக்கியபோது அவள் சொன்ன வார்த்தை, "கடலோட போடா. இனிமே கரையில உன் மூஞ்சியக் காட்டாத." அவன் போனான். ரெக்கார்டையும் எடுத்துக்கொண்டு போனான். பதினோரு வருடமாகக் கரைக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ரங்கூனிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஏடனிலிருந்தோ ஒரு கார்டு மட்டும் வரும். உள்ளே 'சூசை' என்று ஒரே வார்த்தை.

இப்போது பிலோமினம்மாள் ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, படுக்கையில் கிடக்கிறாள். பங்குச் சாமியார் இரண்டு தடவை எண்ணெயோடு வந்து திரும்பிவிட்டார். "பெத்த புள்ளயச் சபிச்ச வாயில நற்கருணை வாங்க மாட்டேன். அவன் வந்து மன்னிச்சேன்னு சொல்லட்டும். அப்புறம் அவஸ்தை குடுங்க," என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சாகுமுன் எண்ணெய் பூசிக் கொடுக்கும் அந்த அவஸ்தையை வாங்காமல் அம்மா செத்துப்போவாள் என்ற பயத்தில் அந்தோனியம்மாள் இரண்டு நாளாகச் சோறு தின்னவில்லை. அண்ணனைத் தேடித் தரச் சொல்லி நெய்னாவிடம் வந்தவள் அவள்தான்.

"காக்கா, இதத் தாண்டி எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார், நெய்னாவை அண்ணன் முறையில் 'காக்கா' என்றே கூப்பிடும் கையூம். "ஒரிஜினல் டேப்பு மதராஸ்ல வெள்ளத்துல போயிடுச்சாம். யாருகிட்டயாவது நல்ல காப்பி இருந்தா எடுத்து அனுப்புங்கன்னு கம்பெனி எழுதிச்சு. கடை வாசல்ல நோட்டீஸ் ஒட்டுனேன். ஒரு ஆளு கொண்டாந்தான். நான்தான் இங்க வச்சு டேப்புல எடுத்து அனுப்புனேன்."

"ஆள் எப்படி இருந்தார்?"

"தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ரெயின்கோட்டு. அன்னிக்கு மழைகூட இல்ல."

"சினிமாவுல திருடன் போடுற யூனிஃபார்ம்," என்றாள் உர்சுலா. "அவரே திருடன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு வந்திருக்காரு. உங்களுக்குத்தான் படிக்கத் தெரியல."

கையூம் கடை நோட்டைப் புரட்டிக் காட்டினார். பெயர், சூசைநாதன். விலாசம், பூன் லே, ஒரு பிளாக் நம்பர், பதினாலாவது மாடி.

உர்சுலா கைப்பையிலிருந்து போன வருடத்துக் கிறிஸ்துமஸ் கார்டை எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் 'சூ' என்ற எழுத்தின் வால் தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது.

"பாஸ்! அதே கையெழுத்து! ஆளு உயிரோட சிங்கப்பூர்லதான் இருக்காரு!"

நெய்னா, கையூம் உள்ளேயிருந்து கொண்டுவந்த பழைய ரெக்கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்தவன் அதைத் திரும்ப வாங்க வரவேயில்லையாம். கறுப்புத் தட்டில் இரண்டு கீறல்கள் பளிச்சென்று தெரிந்தன.

"ரெண்டாவது கீறல் என்ன கையூம்?"

"அது பெரிய தொல்லை காக்கா. சிறைச்சாலை சீன்ல, மகன் பேசுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஊசி குதிச்சிடும். 'அந்த எடம் வர்றதுக்குள்ள ஊசிக்கை மேல பத்துக் காசு வைங்க, குதிக்காது'ன்னு அந்த ஆளே சொல்லிக் குடுத்தான். வச்சேன். அழகாப் போச்சு. ஒரு 'டொக்' மட்டும் விழுந்துச்சு."

புது ரெக்கார்டிலும் அந்த 'டொக்' இருந்தது. அந்தோனியம்மாள் அதைப் பற்றி முதல் நாளே சொல்லியிருந்தாள். "இது எங்க வீட்ல இருந்தப்ப இல்ல பாய். மூணு 'டக்' மட்டுந்தான். இது அண்ணன் கொண்டு போனதுக்கப்புறம் விழுந்தது."

நெய்னா பழைய ரெக்கார்டைத் தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். புதுசு ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

*

பூன் லேக்கு இரண்டு பஸ் மாறி, வியர்வையில் நனைந்து போய்ச் சேர மணி இரண்டாகிவிட்டது. பஸ் முழுக்க உர்சுலா பேசிக்கொண்டே வந்தாள். சூசைநாதனைப் பார்த்ததும் முதலில் ஒரு அறை, பிறகு ஒரு டீ, பிறகு டாக்சியில் போட்டு வாம்போவில் இருக்கும் அம்மாவிடம். எல்லாம் அவள் மனசுக்குள் முடிந்துவிட்டது. அவளும் அந்தக் குடும்பம் போகிற லூர்து மாதா கோயில் பங்குதான். பிலோமினம்மாள் அவளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவள், காதைத் திருகியவள். அந்தக் கிழவி நிம்மதியாகக் கண்ணை மூட வேண்டும் என்று உர்சுலா நிஜமாகவே ஆசைப்பட்டாள்.

பிளாக் இருந்தது. லிஃப்டும் இருந்தது. உர்சுலா லிஃப்டுக்குள் பொத்தான்களை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"பாஸ், இந்த பிளாக்குக்குப் பன்னெண்டு மாடிதான்."

"ம்."

"அப்ப பதினாலாவது மாடியில யாரு குடியிருக்கா? றெக்க வச்ச சம்மனசுங்களா?"

கீழே கோப்பிக் கடையில் விசாரித்தார்கள். பிளம்பரைக் கேட்டார்கள். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸைப் படியிலேயே மடக்கிக் கேட்டார்கள். சூசைநாதன் என்று யாரும் எந்த மாடியிலும் இல்லை. உர்சுலா டீயை வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"போச்சு. எல்லாம் போச்சு. மறைஞ்சு வாழுற ஆளு பொய் விலாசம் குடுத்துட்டான்."

"சரி. மறைஞ்சு வாழுறவன் பொய் விலாசம் குடுப்பான்," என்றார் நெய்னா. "ஆனா உண்மைப் பேரை எதுக்குக் குடுக்கணும்? நீ ஓடிப்போனா கையூம் நோட்டுல 'உர்சுலா'ன்னு எழுதுவியா?"

"நான் பக்கத்து வீட்டுக்காரி பேர எழுதுவேன்."

"அதைத்தான் சொல்றேன். இந்த ஆளுக்கு விலாசம் முக்கியமில்ல. கைக்கு வந்ததை எழுதியிருக்கான். பேருதான் முக்கியம். அந்தப் பேர் அந்த நோட்டுல இருக்கணும்னு எவனோ ஆசைப்பட்டிருக்கான்."

உர்சுலா டீயைக் கீழே வைத்தாள். "எவனோன்னா? சூசைநாதன் இல்லையா?"

"எனக்குத் தெரியல. வா, வாம்போவுக்குப் போவோம். அந்த வீட்ல இன்னும் ஒரு ஆளை நான் ஒண்ணுமே கேக்கல."

*

வாம்போ ஃபிளாட்டில் லிஃப்ட் எட்டாவது மாடியில் நிற்கும். அந்தோனியம்மாளின் வீடு ஏழாவது. ஒரு மாடி இறங்கி வராந்தாவில் நடக்க வேண்டும். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. சாமியார் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

பிலோமினம்மாளைக் கூடத்திலேயே படுக்க வைத்திருந்தார்கள். கண் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. யார் உள்ளே வந்தாலும் அந்தக் கண் முதலில் பளிச்சென்று விரியும், பிறகு அடங்கிவிடும். நெய்னாவையும் உர்சுலாவையும் பார்த்தும் அப்படித்தான் விரிந்து அடங்கியது. உர்சுலாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"பாய், பூன் லேயில..." என்று அந்தோனியம்மாள் ஆரம்பித்தாள். நெய்னா தலையை மட்டும் ஆட்டினார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தோனியம்மாளின் கணவர் எட்மண்ட் அடுப்படி வாசலில் நின்றார். ஹார்பரில் சரக்கு எண்ணும் கிளார்க். அதிர்ந்து பேசாத மனிதர். மாமியாருக்கு மலம் மூத்திரம் அள்ளுவதிலிருந்து எல்லாம் அவர்தான் என்று பங்கே மெச்சும். ஒரு காலத்தில் கப்பலில் ஸ்டூவர்டாக இருந்தவர். சூசைநாதனோடு ஒரே கப்பலில் போனவர். 'பினாங்குல வேற கப்பலுக்கு மாறிட்டான், நல்லா இருக்கான்' என்று எழுபத்தொன்றில் இந்த வீட்டுக்கு முதல் தகவல் கொண்டுவந்தவரும் அவர்தான். அப்படி வந்து போகப் போகத்தான் அந்தோனியம்மாளைக் கட்டிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும் எட்மண்ட்," என்றார் நெய்னா, பிளேயரைத் திறந்துகொண்டே. "கப்பல்ல சூசைநாதன் இந்த ரெக்கார்ட போடுவாரா?"

"கப்பல்ல ஏதுங்க பிளேயரு? அது ஆடுற ஆட்டத்துல ஊசி நிக்குமா? அந்த ரெக்கார்ட நான் கண்ணாலகூடப் பாத்ததில்ல."

"பெட்டியில இருந்திருக்குமே?"

"அவன் பெட்டிய நான் எதுக்குங்க தொறக்கப் போறேன்?"

நெய்னா நீல அட்டையிலிருந்து பளபளவென்று புது ரெக்கார்டை எடுத்தார். "அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாமா? ஒருவேளை ஏதாவது ஞாபகம் வரும்."

ஊசி இறங்கியது. பவளக்கோட்டை ராணி சிரித்தாள். டக், டக், டக். படுக்கையில் கிடந்த கிழவியின் கை அசைந்தது.

"நான் இழுத்தது," என்றாள். "என் கையால இழுத்தது."

அந்தோனியம்மாள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனாள். பாட்டு ஒன்று வந்து போனது. போர் முரசு ஒலித்தது. அடுத்து சிறைச்சாலை. சங்கிலி குலுங்க, மகனைப் பார்க்கத் தாய் வருகிறாள். உர்சுலாவுக்கு ஒன்பது தடவை கேட்ட அலுப்பு. அதனால் ரெக்கார்டைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்மண்ட் கிழவியின் போர்வையைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தார். கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. இரண்டு எட்டு வைத்துப் பிளேயருக்குப் பக்கத்தில் வந்தார். நினைப்பு எங்கோ இருந்தது. விரல் மட்டும் வேலை செய்தது. கடற்குதிரை போட்ட பத்துக் காசு ஒன்றை எடுத்து, ஊசிக்கை மேல் மெதுவாக, சத்தமே வராமல் வைத்தார்.

ஒரு நொடி. பிறகு ரெக்கார்டில் அந்த 'டொக்' விழுந்தது. மகன் பேசினான். "அன்னையே, தங்கள் சாபமும் எனக்கு ஆசியே."

நெய்னா மெல்லிய குரலில் கேட்டார். "புது ரெக்கார்டுக்கு எதுக்கு எட்மண்ட் பத்துக் காசு?"

எட்மண்ட் தன் கையைப் பார்த்தார். காசைப் பார்த்தார்.

"இது புதுசு. இதுல பள்ளமில்ல, கீறலில்ல, ஊசி குதிக்காது. சத்தம் மட்டுந்தான் இருக்கு. அந்தப் பழைய தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பழகுன கைதான் அந்த எடத்துல காசு தேடும். அந்தக் கீறலோ சூசைநாதன் வீட்ட விட்டுப் போனதுக்கப்புறம் விழுந்தது. நீங்க கண்ணாலகூடப் பாக்காத ரெக்கார்டு. வெளிய வாங்க."

*

வராந்தாவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்மண்ட் நின்றார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"செத்துட்டான் பாய். எழுபத்தொண்ணுலயே செத்துட்டான். ரங்கூனுக்கு ரெண்டு நாள் இருக்குறப்ப காய்ச்சல். என் மடியிலதான் போனான். கேன்வாஸ்ல சுத்தி, இரும்பக் கட்டி, கடல்ல எறக்குனாங்க. சாவச் சொல்லிக் கேப்டன் எழுதுன லெட்டரையும் அவன் பெட்டியையும் என் கையில குடுத்து வீட்ல சேக்கச் சொன்னாங்க."

"சேக்கலையே."

"வந்தேன் பாய். லெட்டர் பையில இருந்துச்சு. அந்தம்மா கதவத் தொறந்துச்சு. கப்பல் யூனிஃபார்மப் பாத்ததும் என் கையப் புடிச்சுக்கிட்டு, 'கோவத்துல கடலோட போடான்னு சொல்லிட்டேன் தம்பி, எம் புள்ள நல்லா இருக்கானா'ன்னு கேட்டுச்சு." எட்மண்ட் தலையில் அடித்துக்கொண்டார். "நான் எப்படிச் சொல்லுவேன்? அது சொன்ன மாதிரியே கடலோட போயிட்டான்னா? 'நல்லா இருக்கான்'னேன். ஒரு வார்த்தை. அதுக்கப்புறம் அத விட்டு வெளிய வர முடியல. கப்பல்காரங்ககிட்ட கார்டு குடுத்து அங்கங்க போஸ்ட் பண்ணச் சொல்லுவேன். நான் தமிழ்ல எழுதுறதே வருசத்துக்கு ஒரு தடவை, அந்த ஒரு வார்த்தைதான்."

"ரெக்கார்டு?"

"தூக்கிப் போட மனசு வரல. ஹார்பர் ஸ்டோர்ல ஒரு பழைய பிளேயர் கெடக்கு. சனிக்கெழம சனிக்கெழம போட்டுக் கேப்பேன். எங்க கல்யாணத்துக்கு மொத நாள் கை நடுங்கி ஊசியப் போட்டுட்டேன், அதான் ரெண்டாவது கீறல். கையூம் பாய் நோட்டீஸப் பாத்தப்ப, அவன் ரெக்கார்டாவது ஊரெல்லாம் ஓடட்டும், அவன் பேரு ஒரு நோட்டுலயாவது இருக்கட்டும்னு தோணுச்சு. கல்லறைகூட இல்லாத பய, பாய்."

உர்சுலாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் இருக்கும். தேடிப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பியபோதுதான், அடுப்படி ஜன்னலின் கண்ணாடித் தகடுகளுக்குப் பின்னால் அந்தோனியம்மாள் நிற்பது தெரிந்தது. கையில் டீ டம்ளர் தட்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்கவே வேண்டியதில்லை. டீயின் மேல் ஏடு படிந்திருந்தது.

"அந்தோனி..." என்று எழுந்தார் எட்மண்ட்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. "பாய்," என்றாள் நெய்னாவிடம். "இப்ப அம்மாகிட்ட என்ன சொல்றது?"

"நீங்கதான் எனக்கு வேலை குடுத்தவங்க. உங்களுக்கு உண்மை தெரிஞ்சிடுச்சு. அம்மா என்னைக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அவங்களுக்கு மூணு நாள்தான் பாய்."

"தெரியும்மா."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு வராந்தாவுல? என்ன கூட்டம்? துப்பறியறவரே, இங்க வாங்க."

மூவரும் உள்ளே போனார்கள். அந்தோனியம்மாளும் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்தாள். ரெக்கார்டு ஒரு பக்கம் முடிந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பிலோமினம்மாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கியிருந்தாள். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ.

"எம் புள்ள கெடச்சானா?"

நெய்னா வாயைத் திறந்தார். உர்சுலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கெடச்சுட்டான்மா," என்றாள் அந்தோனியம்மாள், நெய்னாவை முந்திக்கொண்டு. "நல்லா இருக்கான். வந்துக்கிட்டு இருக்கான்."

பதினோரு வருடத்துக்கு முன் இந்தக் குடும்பத்தின் வாசலில் எட்மண்ட் சொன்ன அதே வார்த்தை. எட்மண்ட் சுவரில் சாய்ந்தார். கிழவியின் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் வலியில் கோணிக்கிடந்த வாய் நேரானது. உர்சுலாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பொய்யோ மெய்யோ, கிழவி சந்தோஷமாகச் சாமியாரைப் பார்ப்பாள், வேண்டியதை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போவாள் என்று நினைத்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சாமியார், மணி சரியாக ஐந்து.

"வாங்க சாமி," என்றாள் அந்தோனியம்மாள் அவசரமாக. "அம்மா இப்ப ரெடி."

"இல்ல சாமி," என்றாள் பிலோமினம்மாள்.

"அம்மா!"

"எம் புள்ள வந்துக்கிட்டு இருக்கான் சாமி. கண்டுபுடிச்சுட்டாங்க. அவன்கிட்ட மன்னிப்புக் கேக்காம எனக்கு எதுக்கு எண்ணெய்? அவன் வந்ததும் ஆள் அனுப்புறேன். அவனையும் பக்கத்துல வச்சுக்கிட்டு வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் சாக மாட்டேன், நீங்க பயப்படாதீங்க."

சாமியார் எல்லார் முகத்தையும் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தார். அந்தோனியம்மாள் வாயைத் திறந்தாள். மூடினாள். இப்போது உண்மையைச் சொன்னால் அம்மா இந்த நிமிடமே போய்விடுவாள். சொல்லாவிட்டால் வராத ஒருவனுக்காகக் காத்திருந்து, வாங்க வேண்டியதை வாங்காமலே போவாள். நெய்னா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் தொழிலை அவர் வெறுத்ததை உர்சுலா அன்றுதான் பார்த்தாள்.

எண்ணெய்ச் சிமிழ் பையிலேயே இருக்க, சாமியார் வெளியே வந்தார். உர்சுலா கூடவே வந்தாள்.

"நெசமாவே வர்றானாம்மா?" என்று கேட்டார் அவர்.

"லிஃப்ட் இந்த மாடியில நிக்காது சாமி," என்றாள் உர்சுலா. "ஒரு மாடி ஏறிப் போகணும்." படி வரைக்கும் அவரைக் கொண்டுவிட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது பிலோமினம்மாள் கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள். அவன் படுக்க எந்தப் பாய், சாப்பிட எந்தத் தட்டு, இறால் வாங்க யார் போவது என்று ஒவ்வொன்றாக. அந்தோனியம்மாள் ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா" என்றாள்.

"மாப்ள, அந்த ரெக்கார்ட எடுத்து அட்டையில பத்திரமா வைங்க. சூசை வந்து கேக்கணும். இந்தத் தடவ நான் ஊசியத் தொட மாட்டேன்."

"சரிங்க அத்தை."

எட்மண்ட் பிளேயரை நிறுத்தினார். ஊசிக்கை மேலிருந்த பத்துக் காசை எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.